உறவு: அத்தை

உறவுச் சான்று கொடுக்கும் பெட்டிக்குப் பன்னிரண்டு நிமிடம் போதும். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்து, அப்பாவுடையதை நீலக் குழியிலும் அம்மாவுடையதைச் சிவப்புக் குழியிலும் பிள்ளையுடையதை நடுவிலும் வைத்து மூடினால், பக்கத்திலிருக்கும் அச்சுப்பொறியிலிருந்து ஒரு தாள் வரும். அதைக் காட்டினால்தான் ஒன்றாம் வகுப்பில் இடம். கோவில்பட்டி வட்டாரத்தில் அந்தப் பெட்டியின் பொறுப்பாளர் எஸ்தர் பொன்மலர். பதினோரு ஆண்டுகளில் முப்பத்தெட்டாயிரம் பிள்ளைகளுக்குச் சான்று கொடுத்திருந்தார்.

சட்டம் வந்ததற்குக் காரணம் இருந்தது. பேருந்து நிலையங்களிலும் பிரசவ வார்டுகளிலும் காணாமல் போன பிள்ளைகள் வேறு ஊர்களில் வேறு பெயர்களில் வளர்ந்துகொண்டிருந்தார்கள். எஸ்தரே ஒன்பது பேரைக் கண்டுபிடித்திருந்தார். ஒன்பதாவது பையனை அவனைப் பெற்றவளிடம் ஒப்படைத்தபோது, அவள் அழவில்லை. பையனின் காதுகளை மாற்றி மாற்றித் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்றிலிருந்து எஸ்தருக்குப் பெட்டியின் மேல் ஏறக்குறைய பக்தி.

மே மாத நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை செண்பகவல்லி வந்தாள். புறவழிச்சாலையில் வண்டிகளுக்கு பேட்டரி மாற்றிக் கொடுக்கும் கடை வைத்திருப்பவள், வயது முப்பத்தொன்று. கூடவே அவள் கணவன் கழுகாசலம், சரக்கு வண்டி ஓட்டுகிறவன். இருவருக்கும் நடுவில் ஐந்து வயது இதழினி. அடங்காத சுருட்டை முடியை இரண்டு குடுமியாக முடிந்திருந்தார்கள்.

"பெட்டிக்குள்ள என்ன இருக்கு?" என்று கேட்டாள் இதழினி.

"ஒரு வாத்தியாரு. உங்க எச்சியைப் பாத்து மார்க் போடுவாரு." எல்லாப் பிள்ளைகளிடமும் எஸ்தர் சொல்வது இதுதான்.

"எனக்கு நூறு வருமா?"

"அம்மாகிட்ட அம்பது, அப்பாகிட்ட அம்பது. கூட்டிக்கோ."

பன்னிரண்டு நிமிடம் கழித்துத் தாள் வந்தது. எஸ்தர் படித்துவிட்டு, புதிய பஞ்சுக்குச்சிகளை எடுத்தார். இரண்டாவது தாளும் அதையே சொன்னது.

தந்தை: பொருந்துகிறது.
தாய்: பொருந்தவில்லை. உறவு: அத்தை.

"இது யார் பெத்த பிள்ளைம்மா?"

செண்பகவல்லிக்குக் கேள்வி புரியவில்லை. "நான்தான் மேடம். கவர்மெண்ட் ஆஸ்பத்திரில, ஆபரேசன். தையல் போட்ட தழும்பு இருக்கு, காட்டவா?"

"ஆஸ்பத்திரில பிள்ளை மாறியிருந்தா உங்க ரெண்டு பேருக்கும் சம்பந்தமே இருக்காது. இவருக்குப் பாதி சரியா இருக்கு. உங்களுக்குப் பாதி இல்ல. கால் பங்குக்குக் கொஞ்சம் கூட இருக்கு. தாய்க்கு அப்படி வராது."

கழுகாசலம் தாளை வாங்கி, விரல் வைத்துப் படித்தான். "அத்தைன்னா, இதழினிக்கு அத்தை. அப்ப எனக்கு?"

அவனே சொன்னான். "எனக்குக் கூடப் பிறந்தவங்களே கிடையாது மேடம்."

செண்பகவல்லியின் அப்பா ஆவுடையப்பனும் கழுகாசலத்தின் அம்மா சங்கரவடிவும் அண்ணன் தங்கை. ஆக, இவள் அவனுக்கு மாமா பெண். ஊரறிய, முறைப்படி நடந்த கல்யாணம். ஆவுடையப்பனும் அவர் மனைவியும் இறந்து சில வருடங்களாகின்றன.

"பெட்டி உறவைத்தான் சொல்லும். அது எப்படி வந்ததுன்னு சொல்லாது," என்றார் எஸ்தர். பிறகு, விதிப்படி கொடுக்க வேண்டிய நோட்டீசைக் கொடுத்தார். பதினைந்து நாளுக்குள் தாய் யாரென்று காட்ட வேண்டும். இல்லையென்றால், தாய் கிடைக்கும்வரை பிள்ளை அரசுக் காப்பகத்தில் இருக்கும். அதுவரை தினமும் மாலை ஐந்து மணிக்குப் பிள்ளையை அலுவலகத்துக்குக் கூட்டிவந்து காட்ட வேண்டும்.

செய்தி அன்று மாலைக்குள் பரவிவிட்டது. யார் சொன்னார்கள் என்று கேட்பதில் பயனில்லை. அந்த அலுவலகத்தில் காத்திருக்கும் இருக்கைகளே நாற்பது. மூன்றாம் நாள் ஊரில் ஒரு கதை முழுசாகத் தயாராகியிருந்தது. ஆவுடையப்பனுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம் பிள்ளையில்லை. தங்கை சங்கரவடிவு, தான் பெற்ற பெண்ணை அண்ணனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். பிறகு அதை மறைத்து, அந்தப் பெண்ணையே தன் மகனுக்குக் கட்டிவைத்துவிட்டாள். ஒன்பது வருடம் என்பது உண்மை. மற்றதெல்லாம் எல்லா மூலைகளிலும் சரியாகப் பொருந்தியது. பொய்க்கதைகளுக்கு அந்த வசதி உண்டு. அப்படியானால் இதழினியைப் பெற்றது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கடையில் பேட்டரி மாற்ற வருகிறவர்கள், இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருந்த இன்னொரு கடைக்குப் போகத் தொடங்கினார்கள். கழுகாசலம் பாயைச் சுருட்டிக்கொண்டு வண்டியிலேயே படுத்தான். அவளை எப்போதும் "செண்பா" என்று கூப்பிடுகிறவன், மூன்று நாளாக "இந்தா" என்றான். அவளும் "அத்தான்" என்று சொல்லவில்லை. அந்தச் சொல் வாயருகே வந்து நின்றுவிட்டது.

ஐந்தாம் நாள் காலை எஸ்தரின் அலுவலகம் திறப்பதற்கு முன்பே சங்கரவடிவு வாசலில் நின்றிருந்தாள். அறுபது வயது. தீப்பெட்டி ஆலையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வுபெற்றவள். அந்தக் குரல் இன்னும் ஓய்வுபெறவில்லை.

"நீங்கதான் பெட்டிக்காரம்மாவா?"

"உக்காருங்கம்மா."

"உக்காந்தா எந்திரிக்க முடியாது, முட்டு போயிட்டு. என் வாயில குச்சிய விடுங்க. என் மருமவளை நான்தான் பெத்தேன்னு ஊரெல்லாம் பேசுதாக. நான் பெத்தேனா இல்லையான்னு எனக்குத் தெரியாதா? எனக்குத் தெரியும். உங்க பெட்டிக்குத் தெரியணும்லா."

பின்னால் செண்பகவல்லி தலைகுனிந்து நின்றாள். எஸ்தர் இருவருக்கும் குச்சி கொடுத்தார். தாள் வந்தது. சங்கரவடிவு செண்பகவல்லிக்குத் தாய் அல்ல. உறவு: அத்தை.

"அம்மா, நீங்க சொன்னது சரி. நீங்க இவங்க அப்பா கூடப் பிறந்தவங்க. அதான் அத்தைன்னு வந்திருக்கு."

"அது சரி." சங்கரவடிவு இரண்டு தாள்களையும் வாங்கி மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பழைய தாள், புதிய தாள். தீக்குச்சிக் கட்டுகளை எண்ணுகிற பார்வை. "இதுலயும் அத்தை, அதுலயும் அத்தை. ஏம்மா, ஒண்ணு கேக்கேன். அப்பன்கூடப் பிறந்தவ அத்தை. அம்மைகூடப் பிறந்தவளுக்கு உங்க பெட்டி என்ன பேரு சொல்லும்?"

எஸ்தர் கணினியில் உறவுப் பட்டியலைத் திறந்தார். பதினோரு ஆண்டுகளில் அதைத் திறந்து பார்க்க வேண்டிய தேவை அவருக்கு வந்ததில்லை. பதினாறு உறவுகள். மேலிருந்து கீழாக இரண்டு முறை படித்தார். பெரியம்மா இல்லை. சித்தி இல்லை.

"இதை வெளிநாட்டுல செஞ்சாங்க," என்றார் மெதுவாக. "அவங்க மொழில அப்பாகூடப் பிறந்தவங்களுக்கும் அம்மாகூடப் பிறந்தவங்களுக்கும் ஒரே பேரு. தமிழ்ல மாத்தினவர் ஒரு பேரைப் போட்டிருக்கார். முதல்ல ஞாபகம் வந்த பேரு."

"ஒரு சொல்லு," என்றாள் சங்கரவடிவு. "என் மவன் அஞ்சு நாளா வண்டிக்குள்ள கிடக்கான்."

எஸ்தர் அதற்குமேல் தாள்களை நம்பவில்லை. மூலத் தரவைத் திறந்து, எண்கள் ஓடும் திரையின்முன் உட்கார்ந்தார். தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும் ஒரு சிறு இழை உண்டு. அப்பாவுக்கு அதில் பங்கில்லை. மகன் அதைத் தன் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாது. மகள் கொடுப்பாள், அவள் மகள் கொடுப்பாள், அப்படியே எண்ண முடியாத காலத்திலிருந்து அறுபடாமல் வருவது. சங்கரவடிவின் இழை வேறு. செண்பகவல்லிக்கும் இதழினிக்கும் அந்த இழை ஓர் எழுத்துக்கூட மாறாமல் ஒன்றாக இருந்தது.

"நீங்க இந்தப் பிள்ளைக்கு அத்தை இல்லம்மா," என்றார் எஸ்தர். "உங்க வீட்டுக்காரருக்கு மாமா பொண்ணுதான், அதுல மாத்தமில்ல. கால் பங்குக்கு மேல கொஞ்சம் கூட இருந்துச்சே, அது அத்தை மகனைக் கட்டினதால வந்தது. நீங்க இதழினிக்குத் தாயோட கூடப்பிறந்தவங்க. பெரியம்மா, இல்லைன்னா சித்தி."

செண்பகவல்லி அன்று முதல் தடவையாகப் பேசினாள். "மேடம், எனக்கு அக்காவும் கிடையாது, தங்கச்சியும் கிடையாது. என் வயித்தைக் கிழிச்சு எடுத்த பிள்ளை. நான் எப்படிச் சித்தி ஆவேன்?"

எஸ்தருக்குத் தெரியவில்லை. ஆனால், தெரிந்த ஒருவர் மதுரையில் இருந்தார்.

டாக்டர் ஹமீதா மரபணுத் துறையில் முப்பது வருடம் இருந்தவர்; மெலிந்த உருவம், வேகமான பேச்சு. எட்டாம் நாள் நால்வரும் போனார்கள்: எஸ்தர், செண்பகவல்லி, சங்கரவடிவு, கழுகாசலம். ஊர் சொன்ன கதை உடைந்துபோனதில் கழுகாசலம் மனைவியின் பக்கத்தில் உட்காரத் தொடங்கியிருந்தான். இடையில் ஒரு கை இடைவெளி மட்டும் இன்னும் இருந்தது.

ஹமீதா எல்லாத் தாள்களையும் படித்தார். பிறகு செண்பகவல்லியின் பின்னலை அவிழ்க்கச் சொன்னார். நேரான, கனத்த முடி. இடது காதுக்குப் பின்னால் மட்டும் ஒரு கற்றை சுருண்டு சுருண்டு இறங்கியது.

"இது எப்பயிருந்து?"

"பிறந்ததுல இருந்தே. எண்ணெய் வச்சு அமுக்கிப் பின்னிருவேன்."

"மகளுக்கு?"

"முழுசும் சுருட்டை. யாரு மாதிரின்னு எல்லாரும் கேப்பாங்க."

டாக்டர் அந்தக் கற்றையிலிருந்து ஆறு முடிகளை வேரோடு எடுத்து ஒரு குழாயில் போட்டார். பிறகு பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய், சன்னல்களை மூடி, ஊதா நிற விளக்கு ஒன்றைப் போட்டார். தோலில் சாதாரண வெளிச்சத்தில் தெரியாத நிற வேறுபாடுகள் அதில் தெரியும். கழுகாசலம் வெளியே நின்றுகொண்டான். செண்பகவல்லி சேலைத் தலைப்பை எடுத்துவிட்டு முதுகைக் காட்டி நின்றாள்.

எஸ்தர் பதினோரு வருடமாக மனிதர்களின் உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கிறவர். அது கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்று என்று அவர் ஒருபோதும் நினைத்ததில்லை. அந்த முதுகில் ஒரு வரைபடம் இருந்தது. முதுகெலும்பை ஒட்டி நேராக ஒரு எல்லை. அதன் இருபுறமும், அலை வாங்கிய பிறகு கடற்கரை மணலில் நிற்கும் வரிகளைப் போல, வெளிறியதும் கறுத்ததுமாக வளைந்து வளைந்து போகும் கோடுகள். வலதுபுறம் ஒரே நிறம். இடது தோளிலிருந்து வெளிறிய நிறம் வழிந்து, கையில் இறங்கி, விரல்நுனிகள் வரை போயிருந்தது.

ஹமீதா ஒரு கண்ணாடியைப் பிடித்துக் காட்டினார். செண்பகவல்லி நெடுநேரம் பார்த்தாள்.

"இது என்ன வியாதி டாக்டர்?"

"வியாதியே இல்லம்மா. உங்க அம்மா வயித்துல ஒரே நேரத்துல ரெண்டு கரு உண்டாகியிருக்கு. ரெட்டைப் பிள்ளை. அச்சு அசலா ஒரே மாதிரி இருக்கிற ரெட்டை இல்ல, அக்கா தங்கச்சி மாதிரி வேற வேற. ஒரே அப்பா அம்மாகிட்ட இருந்துதான் ரெண்டு பேரும் பாதிப் பாதி எடுத்திருக்கீங்க. ஆனா எந்தப் பாதின்னு ஒரு கணக்கும் கிடையாது. நீங்க எடுத்தது நேர் முடி. அவங்க எடுத்தது சுருட்டை."

"அவங்களா?"

"சொல்றேன். நாலாம் நாளோ அஞ்சாம் நாளோ, ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தொட்டிருக்கு. அப்ப உங்க அளவு கடுகுல பத்துல ஒரு பங்குகூட வராது. கை இல்ல, முகம் இல்ல. ஒட்டிக்கிட்டீங்க. ஒருத்தர் இன்னொருத்தரைத் தின்னுடல. ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே உடம்பைக் கட்டியிருக்கீங்க. கன்னத்தை நீங்க கட்டியிருக்கீங்க. அதான் பெட்டிக்கு உங்களை மட்டும் தெரியுது. இந்தக் கையை அவங்க கட்டியிருக்காங்க. கருமுட்டை வர்ற இடத்தையும்."

சங்கரவடிவு சுவரைப் பிடித்துக்கொண்டு, உட்காரக் கூடாதென்று சொன்ன முட்டியோடு உட்கார்ந்தாள்.

"ரெண்டு இருந்துச்சு," என்றாள். "ஒன்பது வருசம் கழிச்சு மதினிக்குக் கொடுத்த மருந்து. முதல் ஸ்கேன்ல ரெண்டு பை தெரியுதுன்னாக. அடுத்த ஸ்கேன்ல ஒண்ணுதான். ஒண்ணு கரைஞ்சிட்டுன்னு சொன்னாக. ஒண்ணாவது தங்குச்சேன்னு அண்ணன் எல்லாத்துக்கும் அல்வா கொடுத்தாரு. கரைஞ்சதுக்கு யாரும் அழலை."

செண்பகவல்லி இடது கையை விளக்குக்கு நேராகத் தூக்கினாள். விரல்களை மடக்கி, நீட்டினாள். வலது கையைக் கொண்டுவந்து அதன் மேல் வைத்தாள். தொடுவது எது, தொடப்படுவது எது என்று கண்டுபிடிக்க முயல்வதுபோல் அப்படியே நின்றாள். முப்பத்தொரு வருடம் அந்தக் கைகள் ஒன்றையொன்று கழுவியிருக்கின்றன. பேட்டரியின் இரண்டு பக்கத்தையும் பிடித்துத் தூக்கியிருக்கின்றன. பிறந்த பிள்ளையை வாங்கியதும் அவைதான்.

"அவளுக்கு வலி தெரியுமா டாக்டர்?" என்று கேட்டாள்.

ஹமீதா கண்ணாடியைக் கீழே வைத்தார். "உங்களுக்குத் தெரியும்ல," என்றார். "அதுல அவங்க பங்கு எவ்வளவுன்னு எனக்குப் பிரிச்சுச் சொல்லத் தெரியாது."

பதினோராம் நாள் முடிவு வந்தது. முடி வேரில் இருந்த மரபணுவும் இடது கைத் தோலில் இருந்ததும் ஒன்று. அந்த மரபணுவுக்கும் இதழினிக்கும் சரியாகப் பாதி. தாய்.

எஸ்தர் மேலிடத்துக்கு எழுதினார். இரண்டு கோரிக்கைகள். உறவுப் பட்டியலில் பெரியம்மா, சித்தி இரண்டையும் சேர்க்க வேண்டும். செண்பகவல்லியின் பதிவு எண்ணோடு இந்த இரண்டாவது மரபணுவையும் இணைக்க வேண்டும். முதல் கோரிக்கையை மறுநாளே நிறைவேற்றினார்கள். இரண்டாவதற்கு ஒரு வரிப் பதில் வந்தது: ஒரு எண்ணுக்கு ஒரு மரபணு.

பதினான்காம் நாள் மாலை. இதழினி வெளியே காவலாளியோடு பேசிக்கொண்டிருந்தாள். உள்ளே மூன்று பேரும் எஸ்தரின் மேசைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார்கள்.

"நாளைக்குக் காலைல காப்பகத்துல இருந்து வருவாங்க," என்றார் எஸ்தர். "கோர்ட்டுக்குப் போகலாம். நிச்சயம் ஜெயிக்கும். ஆனா ஒரு வருசமோ ரெண்டு வருசமோ ஆகும். அதுவரைக்கும் பிள்ளை அங்கதான் இருக்கணும்."

"வேற வழி?" என்றான் கழுகாசலம்.

"ஏழாம் நம்பர் படிவம். தாய் இறந்துட்டா, தாயோட கூடப்பிறந்தவங்க உடனே பொறுப்பேத்துக்கலாம். இவங்க கூடப்பிறந்தவங்கன்னு பெட்டியே சொல்லுது. அந்தத் தாய் இறந்துட்டாங்கன்னு இவங்க கையெழுத்துப் போட்டா, பத்து நிமிசத்துல முடிச்சிரலாம். பதிவே இல்லாதவங்க. யாரும் மறுக்கப் போறதில்ல."

படிவம் மேசைமேல் இருந்தது. செண்பகவல்லி பேனாவை எடுத்து, அந்த வரியைப் படித்தாள். பேனாவை வைத்துவிட்டாள்.

"செத்துட்டான்னு எழுத மாட்டேன்."

"செண்பா," என்றான் கழுகாசலம். பதினான்கு நாளுக்குப் பிறகு அப்படிக் கூப்பிட்டான். "ஒரு தாளுதானே. எழுதிட்டு வந்துருவோம். பிள்ளை வீட்டுல இருக்கும்."

"அவ செத்திருந்தா இதழினி எங்கயிருந்து வந்தா அத்தான்?"

படிவத்தைத் தள்ளிவைத்துவிட்டு அவளே தொடர்ந்தாள்.

"ஒரு தடவை கரைஞ்சிட்டான்னு சொல்லியாச்சு. இப்ப நானே செத்துட்டான்னு எழுதணும். நேத்து பாத்தேன், அந்த முடி வளந்திருக்கு. நகம் வெட்டுறேன். யாரு நகத்தை வெட்டுறேன்? எனக்கு எழுத வரலை மேடம்."

"ஏட்டி, புள்ளை போயிரும்டி," என்றாள் சங்கரவடிவு. குரல் முதல் தடவையாக இறங்கியிருந்தது.

"தெரியும் அத்தை."

அவள் அழுதாள். ஆனால் பேனாவை எடுக்கவில்லை. எஸ்தர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தாய் இல்லையென்று எழுதிக் கொடுத்தவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். பயத்தில், அவசரத்தில், ஆசையில். இல்லாத ஒருத்தியை இல்லையென்று எழுத மறுப்பவளை இப்போதுதான் பார்க்கிறார். இழுப்பறையைத் திறந்து படிவங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படிக்கத் தொடங்கினார். எல்லாவற்றையும் மனப்பாடமாக அறிந்தவர்தான், ஆனாலும் படித்தார். பதினொன்றில் நிறுத்தினார்.

"இது வளைகுடாவுக்கு வேலைக்குப் போற அம்மாக்களுக்குப் போட்டது. உயிரோட இருக்கிற தாய், பிள்ளையைத் தன் கூடப்பிறந்தவங்க பொறுப்புல விட்டுட்டுப் போறது. தாய் நேர்ல வரணும். இடது பெருவிரல் ரேகை வைக்கணும். பதிவில்லாதவங்களா இருந்தா, ரேகை வைக்கும்போதே புதுசாப் பதிஞ்சுக்க எனக்கு அதிகாரம் இருக்கு." படிவத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார். "தாய் நேர்ல வரணும்."

"வந்திருக்கா," என்றாள் செண்பகவல்லி.

ரேகைக் கருவி உள்ளங்கை அகலக் கண்ணாடிப் பலகை. கோடுகளோடு தோலின் துகளையும் சேர்த்துப் படிக்கும். செண்பகவல்லி இடது பெருவிரலை அதில் வைத்து அழுத்தினாள். கருவிக்கு அவளுடைய பழைய பதிவு பொருந்தவில்லை. அது படித்த மரபணுவுக்குப் பதிவே இருக்கவில்லை. பன்னிரண்டு நிமிடம். வெளியே இதழினி காவலாளியிடம், உங்களுக்கு யாரு மார்க் போட்டா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

திரையில் எழுத்துகள் வந்தன. புதிய நபர். பெண். பிள்ளையின் தாய். பெயரைப் பதியவும்.

"மேல யாராவது கேட்டா?" என்றான் கழுகாசலம்.

"நேர்ல வந்தாங்க, ரேகை வச்சாங்க, நான் பார்த்தேன்னு சொல்லுவேன். இதுல எந்த வரி பொய்யுன்னு அவங்கதான் காட்டணும்." எஸ்தர் விசைப்பலகையை இழுத்துக்கொண்டார். "தகப்பனார் பேரு ஆவுடையப்பன். கல்யாணம் ஆகாதவங்க. இதுக்கு ஒரு முடிவு சொல்லணும், அவங்க அக்காவா, தங்கச்சியா? நான்தான் கேட்டு ரெண்டையும் சேர்க்க வச்சேன். இப்ப ஒண்ணைச் சொல்லாம அது மேல போக விடாது."

டாக்டருக்கும் தெரியாத கேள்வி. செண்பகவல்லி யோசித்தாள்.

"அக்கான்னு போடுங்க. அவளுக்குன்னு ஒரு பிறந்தநாள்கூட இல்ல. மூத்தவங்கிறதாவது இருக்கட்டும். நான் சித்தியா இருந்துக்கிறேன்."

"பேரு?"

"செண்பகவல்லி."

எஸ்தர் நிமிர்ந்தார். "உங்க பேரில்ல. அவங்க பேரு."

"அவ பேருதான் மேடம். இத்தனை வருசமா அந்தப் பேரைச் சொல்லித்தானே எல்லாரும் கூப்பிட்டாங்க. கூப்பிட்டப்பல்லாம் அவளும் திரும்பியிருக்கா."

எஸ்தர் அதையே தட்டச்சு செய்தார். தாளின் கீழே, பொறுப்பேற்பவர் என்ற இடத்தில், செண்பகவல்லி வலது கையால் கையெழுத்துப் போட்டாள். இடது கை தாளை நகராமல் பிடித்துக்கொண்டிருந்தது.

ஜூன் முதல் வாரத்தில் பள்ளி திறந்தது. சேர்க்கை மேசையில் இருந்த எழுத்தர் உறவுச் சான்றை வாங்கினார். வரிசை நீளமாக இருந்தது. முதல் இரண்டு வரிகளுக்குமேல் படிக்க அவருக்கு நேரமில்லை.

"தாய், ஆ. செண்பகவல்லி. நீங்கதானா?" அவள் நீட்டிய அடையாள அட்டையைப் பார்த்தார். "இதுல க. செண்பகவல்லின்னு இருக்கே. இனிஷியல் மாறுதே."

செண்பகவல்லி இதழினியின் கையைப் பிடித்திருந்தாள்.

"அது கல்யாணம் ஆகாதவளோட இனிஷியல் சார்," என்றாள்.

"அதான பாத்தேன். கல்யாணத்துக்கு முந்தினதைப் போட்டுட்டாங்களா," என்று சொல்லி, எழுத்தர் முத்திரையைக் குத்தி, அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.